புரொஃபஸரை மட்டும் கேட்கிறீர்களே தம்பி

தம்பி, அக்டோபரில் தென் ஜெர்மனியில் உல்ம் நகருக்குப் போகிறீர்கள், மின்வேதியியல் குழுவில் பிஎச்டி, வாழ்த்துகள். புரொஃபஸரோடு இரண்டு தடவை வீடியோவில் பேசியாயிற்று, மற்றபடி அந்த லேபில் ஒருவரையும் தெரியாது, அவரிடம் எப்படி நடந்துகொள்வது, 'சார்' என்று கூப்பிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் 2012இல் காரைக்குடிப் பக்கமிருந்து இதே மாதிரி ஒரு குழுவுக்கு வந்தவள். எந்த ஊர் என்பது வேண்டாம், ஸ்வேபியப் பகுதிதான், உல்மிலிருந்து ரயிலில் போய்விடலாம். பிஎச்டி முடித்து இப்போது பேட்டரி வேலையில் இங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

முதலில் உங்கள் கேள்விக்கு நேரான பதில்: 'சார்' வேண்டாம். முதல் மாதம் 'ஹெர் புரொஃபஸர்' என்றோ, குடும்பப் பெயரோடு 'ஹெர்' சேர்த்தோ சொல்லுங்கள். அவரே ஒருநாள் பெயர் சொல்லிக் கூப்பிடு என்பார். ஜெர்மனில் 'சீ', 'டு' என்று இரண்டு உண்டு, நம்முடைய 'நீங்கள்', 'நீ' மாதிரி. ஒரே வித்தியாசம், நம் ஊரில் பெரியவர் நம்மை 'நீ' என்பார், நாம் அவரை 'நீங்கள்' என்போம். இங்கே வயது வந்தவர்களுக்குள் அந்த ஒருதலை 'நீ' கிடையாது. மூத்தவர்தான் 'டு' சொல்லலாம் என்று ஆரம்பிக்க வேண்டும், ஆரம்பித்துவிட்டால் நீங்களும் அவரை 'டு' என்றே சொல்ல வேண்டும். எனக்கு வாய் வர ஒரு வருடம் ஆனது. அதுவரை 'நீ'யும் இல்லாமல் 'நீங்களும்' இல்லாமல் வாக்கியத்தை வளைத்து வளைத்துப் பேசிக்கொண்டிருந்தேன்.

ஆனால் ஒன்று சொல்கிறேன், அந்தக் குழுவிலேயே நீங்கள் மிகக் குறைவாகப் பார்க்கப்போகிற ஆள் அவர்தான். பாடம், ப்ராஜெக்ட் விண்ணப்பம், பயணம், கமிட்டி என்று அவருடைய வாரம் ஓடிவிடும். நீங்கள் குழு மீட்டிங்கில் பார்ப்பீர்கள், அப்புறம் கட்டுரையின் டிராஃப்டில் அவருடைய திருத்தங்களில் பார்ப்பீர்கள். பாராட்டை எதிர்பார்த்துக் காத்திருக்காதீர்கள், ஸ்வேபியர்களிடம் ஒரு சொலவடையே உண்டு, திட்டவில்லை என்றால் அதுவே போதுமான பாராட்டு என்று. 'மோசமில்லை' என்று அவர் சொன்னால் வீட்டுக்குப் போன் போட்டுச் சொல்லலாம்.

லேபை நடத்துகிறவர்கள் வேறு. டெக்னிகல் அசிஸ்டென்ட் என்று ஒருவர் இருப்பார், பெரும்பாலும் ஐம்பது வயதை ஒட்டிய ஒரு அம்மா. நம் ஊர் லேப் அட்டெண்டர் நினைப்பில் அவரைப் பார்த்துவிடாதீர்கள். பள்ளி முடித்து முறையாகத் தொழில் படித்து வந்தவர்கள், லேப் வேலைக்கான அந்தப் படிப்பே மூன்றரை ஆண்டு. நான் வந்த இரண்டாவது வாரம், சிங்க்கில் நான் சோதனைக்குப் பயன்படுத்திய கண்ணாடிச் செல்களும் பீக்கர்களும் கிடந்தன, அவரிடம் போய் இதை எப்போது கழுவி வைப்பீர்கள் என்று கேட்டேன், நிஜமாகவே மரியாதையாகத்தான் கேட்டேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. டிராயரைத் திறந்து ஒரு ஜோடி கையுறையை எடுத்தார், என் உள்ளங்கையில் வைத்தார், தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டார். அன்று கற்றுக்கொண்டது, மின்வேதியியலில் பாத்திரம் கழுவுவதுதான் பாதி ஆராய்ச்சி, ஆசிடில் ஊறவைத்து, 18.2 மெகாஓம் என்கிற மிகச் சுத்தமான தண்ணீரில் திரும்பத் திரும்ப அலசி, அதை அடுத்தவர் கையில் கொடுத்தால் உங்கள் அளவீட்டுக்கு நீங்கள் பொறுப்பில்லை என்று அர்த்தம்.

கணக்குப் போட்டுப் பாருங்கள், குழுவில் நிரந்தரமாக இருப்பவர்கள் யார்? புரொஃபஸர், செக்ரட்டரி, இந்த அம்மா, அதிர்ஷ்டம் இருந்தால் இன்னொரு சீனியர் விஞ்ஞானி. மற்ற எல்லாரும் வந்து போகிறவர்கள். யார் எந்தக் கருவியை 2009இல் உடைத்தார்கள், மின்னழுத்தத்தை ஒப்பிட்டு அளக்க வைக்கிற ரெஃபரன்ஸ் எலெக்ட்ரோடுகளில் எது சொன்ன பேச்சு கேட்காது, காற்றுப் புகாத பெட்டியான க்ளவ் பாக்ஸில் ஈரப்பதம் ஏன் திங்கட்கிழமை மட்டும் ஏறுகிறது, இதெல்லாம் எந்த ஆய்வேட்டிலும் எழுதியிருக்காது. செக்ரட்டரியும் அப்படித்தான், உங்கள் கான்ட்ராக்ட், லீவு, பயணப் பணம் எல்லாம் அவர் மேசையைத் தாண்டித்தான் போகும். விசா நீட்டிப்புக்கு ஒரு கடிதம் வேண்டுமென்றால் மூன்று வாரம் முன்னால் கேளுங்கள், முந்தின நாள் மாலை கதவைத் தட்டாதீர்கள்.

பட்டறை ஆட்களை விட்டுவிட்டேன். பல பல்கலைக்கழகங்களில் கண்ணாடி ஊதுகிறவர் இன்னும் இருக்கிறார், மின்வேதியியல் செல் எல்லாம் அவர் கையில்தான் பிறக்கும். நான் பென்சிலில் ஒரு படம் வரைந்து, மில்லிமீட்டர் எல்லாம் போட்டு, பெருமையாகக் கொண்டுபோனேன். அவர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு ரொம்ப நேரம் பார்த்தார், அப்புறம் கேட்டார், 'உள்ளே ஊற்றிவிடுவாய், சரி, வெளியே எப்படி எடுப்பாய்?' நான் வரைந்த செல்லில் திரவம் வெளியே வர வழியே இல்லை. அன்றைக்கு அவரிடம் முக்கால் மணி நேரம் உட்கார்ந்தேன். படத்தைக் கொடுத்துவிட்டு வராதீர்கள், என்ன அளக்கப்போகிறீர்கள், எந்தக் குழாயில் எந்த வாயு வரும் என்று கதையைச் சொல்லுங்கள், அவர் பாதிப் படத்தை மாற்றிக் கொடுப்பார், அதுதான் வேலை செய்யும்.

பிஎச்டி முடித்துவிட்டுத் தற்காலிக வேலையில் ஆராய்ச்சி செய்கிற போஸ்ட்டாக்குகள் விஷயம் கொஞ்சம் சிக்கல். இவர்களில் சிலர் முகம் கொடுத்துப் பேச மாட்டார்கள், அதைத் திமிர் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஜெர்மனியில் ஒரு சட்டம் உண்டு, பல்கலைக்கழகத்தில் தற்காலிக வேலையில் டாக்டர் பட்டத்துக்கு முன் 6 ஆண்டு, அதற்குப் பின் 6 ஆண்டு, அதற்கு மேல் அந்தக் கணக்கில் இருக்க முடியாது. முப்பத்தைந்து வயதில், கையில் குழந்தையோடு, அந்தக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே வேலை செய்கிறவர்கள் அவர்கள். உங்கள் கான்ட்ராக்டும் முழுச் சம்பளமாக இருக்காது, வேதியியலில் அரைச் சம்பளம், மூன்றில் இரண்டு பங்கு என்றெல்லாம் வரும், வேலை மட்டும் முழு நாளும் இருக்கும். கையெழுத்துப் போடும்போது அந்த விழுக்காட்டைப் பாருங்கள்.

சக பிஎச்டிக்காரர்களோடுதான் உங்கள் நாள் முழுக்க. சண்டை வந்தால் சேனலுக்காகத்தான் வரும், பேட்டரி சோதிக்கிற கருவியில் ஒரு செல்லை மாட்டுகிற இடம் அது. காசு வடிவச் சின்னப் பேட்டரியான ஒரு காயின் செல்லை மெதுவாகச் சோதித்தால், 10 மணி நேரம் சார்ஜ், 10 மணி நேரம் டிஸ்சார்ஜ், 100 சுற்றுக்கு 2000 மணி நேரம், அதாவது 83 நாள் ஒரு சேனல் உங்கள் பெயரில் அடைபட்டுக் கிடக்கும். அட்டவணையில் பெயர் எழுதாமல் யாருடைய சேனலையும் தொடாதீர்கள், காலியாகத் தெரிந்தாலும்கூட. ஆளுக்கொரு பொறுப்பும் இருக்கும், ஒருவருக்கு ஆர்கான் சிலிண்டர், ஒருவருக்குக் கழிவு ஆசிட், ஒருவருக்கு க்ளவ் பாக்ஸ். புதிதாக வந்தவருக்குக் காபி மெஷின் கிடைக்க வாய்ப்பு அதிகம், ஏமாற்றம் வேண்டாம், அது நல்ல பதவி, எல்லாரும் உங்களிடம் வந்து பேசுவார்கள். காபிக்கு ஃபிரிட்ஜ் கதவில் ஒரு தாள் தொங்கும், ஒரு கப்புக்கு ஒரு கோடு. கோடு போடாமல் குடித்தால் யாரும் கேட்க மாட்டார்கள், ஆனால் எல்லாருக்கும் தெரியும்.

இனி நான் உண்மையில் சொல்ல வந்தது. முதல் வருடம் நான் கண்ணாடிக் கார்பன் எலெக்ட்ரோடின் மேல் மாலிப்டினம் சல்ஃபைடு பூசி, சல்ஃப்யூரிக் ஆசிடில் ஹைட்ரஜன் எடுத்துக்கொண்டிருந்தேன். மின்னழுத்தத்தை மாற்றி மாற்றி அளக்கிற ஒவ்வொரு ஸ்கேனுக்கும் கரண்ட், அதாவது வருகிற ஹைட்ரஜன், ஏறிக்கொண்டே போனது, இன்றைக்கு நேற்றைவிட நன்றாக, நாளைக்கு இன்றைவிட நன்றாக. அதற்கு ஒரு பெயரும் வைத்தேன், 'ஆக்டிவேஷன்'. பதினொரு வாரத் தரவு. குழு மீட்டிங்கில் அழகாக வண்ணம் போட்ட வரைபடத்தோடு பேசி முடித்தேன், எல்லாரும் மேசையைத் தட்டினார்கள் (கைதட்ட மாட்டார்கள், முஷ்டியால் மேசையைத் தட்டுவார்கள், முதல் தடவை பயந்துவிடாதீர்கள்). கடைசி வரிசையில் ஓர் ஆள், வட ஜெர்மனிக்காரன், என்னோடு அதுவரை பத்து வார்த்தை பேசியிருக்க மாட்டான், அவன் கேட்டான், 'கவுன்டர் எலெக்ட்ரோடு என்ன?' (மின்சுற்றை முடிக்க வைக்கிற இரண்டாவது எலெக்ட்ரோடு அது.) 'பிளாட்டினம் கம்பி' என்றேன். 'ம்' என்றான். புரொஃபஸர் பேனாவைக் கீழே வைத்தார்.

விஷயம் தெரிந்தவர்களுக்கு இதற்குள் புரிந்திருக்கும். ஆசிடில் பிளாட்டினம் கம்பி கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும், கரைந்தது போய் எதிரே இருக்கிற, நாம் சோதிக்கிற எலெக்ட்ரோடில் படியும், ஹைட்ரஜன் எடுப்பதற்கு பிளாட்டினத்தைப் போல உலகத்தில் வேறொன்று இல்லை. நான் பதினொரு வாரமாக அளந்தது அந்த பிளாட்டினத்தை. மேற்பரப்பில் என்னென்ன தனிமம் என்று எக்ஸ் கதிரால் காட்டுகிற எக்ஸ்பிஎஸ் எடுத்துப் பார்த்தால் பிளாட்டினம் பளிச்சென்று இருக்கிறது. அன்று சாயங்காலம் கண் கலங்கியபடி லேபில் நின்றுகொண்டிருந்தேன், கையுறை கொடுத்த அதே அம்மா வந்து மூன்றாவது டிராயரை இழுத்து, பிளாட்டினத்துக்குப் பதில் போட ஒரு கிராஃபைட் கம்பியை எடுத்துக் கொடுத்தார். 'உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?' என்றேன். 'நீ பிளாட்டினம் போடுவதைப் பார்த்தேன், காரணம் இருக்கும் என்று நினைத்தேன்' என்றார். 'சொல்லியிருக்கலாமே?' 'நீ கேட்கவே இல்லையே.'

எனக்குக் கோபம் வந்தது. நம் ஊரில் ஒருவர் தப்பான வழியில் போனால் ரோட்டில் போகிறவர்கூடக் கூப்பிட்டுச் சொல்வார். இங்கே கேட்காமல் சொல்வது அடுத்தவர் வேலையில் மூக்கை நுழைப்பது, உனக்குத் தெரியாது என்று சொல்வதற்குச் சமம். கேட்டுவிட்டால் கதையே வேறு, அந்த அம்மா அப்புறம் மூன்று வருடம் எனக்குச் சொல்லிக்கொடுக்காதது இல்லை. நாமோ கேட்டால் மட்டமாக நினைப்பார்கள் என்று வாயை மூடிக்கொள்வோம், கூகிளில் தேடுவோம், ராத்திரி பன்னிரண்டு மணிக்குத் தனியாக லேபில் நின்று பார்த்துக்கொள்ளலாம் என்று நினைப்போம் (அபாயமான வேலையைத் தனியாகச் செய்யவும் கூடாது, பாதுகாப்பு வகுப்பில் முதல் நாளே சொல்வார்கள்). அதனால் வந்த முதல் வாரம், எதையாவது தொடுவதற்கு முன்னால், குழுவில் ஆளுக்கு ஆள் போய், இந்த வேலையில் நீங்கள் முதலில் செய்த தப்பு என்ன என்று கேளுங்கள். எல்லாரிடமும் ஒன்று இருக்கும், சந்தோஷமாகச் சொல்வார்கள்.

அந்த வட ஜெர்மனிக்காரனைப் பற்றி நான் ஒரு மாதம் கறுவிக்கொண்டிருந்தேன், சபையில் மானத்தை வாங்கிவிட்டான் என்று. அவனுக்கு அப்படி ஒன்று நடந்ததே தெரியாது. மறுநாளே கேன்டீனுக்குச் சாப்பிடக் கூப்பிட்டான். இங்கே டாக்டர் பட்ட வைவா முடிந்ததும் சகாக்கள் அட்டையில் ஒரு தொப்பி செய்து தலையில் வைப்பார்கள், உங்கள் நாலு வருடக் கூத்தெல்லாம் அதில் ஒட்டியிருக்கும். என் தொப்பியைச் செய்தவன் அவன்தான், உச்சியில் குஞ்சத்துக்குப் பதில் கிராஃபைட் கம்பி.

மற்றபடி ஊர் நல்ல ஊர். பல்கலைக்கழகம் 'கழுதை மலை' என்று பெயருள்ள குன்றின் மேல் இருக்கிறது, டிராமில் ஏறிப் போகலாம். 2011இல் தொடங்கிய ஹெல்ம்ஹோல்ட்ஸ் இன்ஸ்டிட்யூட்டும் அங்கேதான், பேட்டரிக்காரர்கள் நிறைய, பல நாட்டு ஆட்கள். நவம்பரில் டான்யூப் ஆற்றுப் பனிமூட்டம் வாரக்கணக்கில் விலகாது, அதற்கு மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். நீங்கள் காரைக்குடி சிக்ரியில், அந்த மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனத்தில், ப்ராஜெக்ட் செய்ததாகச் சொன்னீர்களே, அதைச் சொல்லிக்கொள்ளக் கூச்சப்படாதீர்கள். 1953இல் திறந்த நிறுவனம், இந்தத் துறையில் வயதானவர்களுக்குச் சென்னை தெரியாவிட்டாலும் காரைக்குடி தெரிந்திருக்கும். ஒரு கருத்தரங்கில் நரைத்த தலை ஒருவர் என் ஊரைக் கேட்டுவிட்டு 'காரைக்குடி!' என்று உரக்கச் சொன்னது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

பலகாரம் கொண்டுபோகலாமா என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாக, சீடையும் முறுக்கும் கொண்டுபோங்கள். பால்கோவா வேண்டாம், வெளியிலிருந்து பால் பொருளை ஐரோப்பாவுக்குள் எடுத்துவர விட மாட்டார்கள். டப்பாவைக் காபி அறையில் வையுங்கள், லேபுக்குள் கொண்டுபோனால் உங்கள் லேப் அசிஸ்டென்ட் அம்மா முதல் நாளே உங்களைத் திரும்பிப் பார்ப்பார். அப்புறம் இங்கே பிறந்தநாள்காரர்தான் எல்லாருக்கும் கேக் கொண்டுவர வேண்டும். உங்கள் பிறந்தநாள் எந்த மாதம்?