அமெரிக்காவில் சில கிராம் போதைப்பொருளுக்குப் பத்து வருஷம் சிறை எப்படி விழுகிறது? நீதிபதி நினைத்தால் குறைக்க முடியாதா?

குறைந்தபட்சத் தண்டனை இவ்வளவு என்று சட்டமே எழுதிவைத்திருக்கும் பிரிவில் வழக்கு போட்டுவிட்டால், பெரும்பாலும் முடியாது. வருஷக் கணக்கைத் தீர்மானிப்பவை இரண்டு: தராசு காட்டும் எடை, அரசு வழக்கறிஞர் குற்றப்பத்திரிகையில் எழுதும் பிரிவு. அந்தக் கீழ்வரம்புக்கு மேலே எவ்வளவு கூட்டுவது என்பதில்தான் நீதிபதிக்கு வேலை. (கூட்டாட்சி நீதிமன்ற வழக்குகளைச் சொல்கிறேன். மாநிலச் சட்டங்கள் ஐம்பதும் ஐம்பது விதம்.)

எடைக்கணக்கு வந்த விதம் இது. 1986 ஜூனில் லென் பயஸ் என்ற கல்லூரிக் கூடைப்பந்து நட்சத்திரம், பாஸ்டன் செல்டிக்ஸ் அணி தேர்ந்தெடுத்த இரண்டாம் நாளே, கொக்கைன் எடுத்து இறந்துபோனார். நவம்பரில் தேர்தல். பிரதிநிதிகள் சபைத் தலைவர் டிப் ஓநீல் பாஸ்டன் பக்கத்துக்காரர். அவசர அவசரமாக மசோதா தயாராகி, அக்டோபர் 27 அன்று ரீகன் கையெழுத்துப் போட்டார். 5 கிராம் கிராக் என்றால் குறைந்தது 5 வருஷம். 50 கிராம் என்றால் 10. தூள் கொக்கைனுக்கு அதே தண்டனை வர 500 கிராமும் 5 கிலோவும் வேண்டும். இத்தனைக்கும் கிராக் தனிச் சரக்கு இல்லை, தூளோடு சமையல் சோடாவும் தண்ணீரும் சேர்த்துக் காய்ச்சினால் வரும் கட்டிதான். பயஸ் எடுத்ததே தூள்தான் என்பது இதில் இன்னொரு வேடிக்கை. கிராக் வழக்கில் தண்டனை பெற்றவர்களில் நூற்றுக்கு எண்பதுக்கு மேல் கறுப்பர்கள். இரண்டையும் சமமாக்கச் சொல்லி 1995-ல் தண்டனை ஆணையமே பரிந்துரைத்தது, அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் நிராகரித்தது. 2010-ல்தான் 100-க்கு 1 என்ற விகிதம் 18-க்கு 1 ஆனது. இன்று கிராக்குக்கு 28 கிராமும் 280 கிராமும் எல்லை. அந்த 18-க்குப் பின்னால் வேதியியல் எதுவும் கிடையாது, இரண்டு கட்சிகளும் பேசி முடித்த எண்.

எந்த எடையைப் பார்க்கிறார்கள் என்பதில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். சட்டம் கேட்பது கலவையின் மொத்த எடையை. 1991-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த சாப்மன் வழக்கைப் பாருங்கள். ஆயிரம் வேளைக்கான எல்எஸ்டி என்ற மாயத்தோற்றம் தரும் போதைப்பொருள். உள்ளே இருந்த மருந்து சுமார் 50 மில்லிகிராம். அதை ஊறவைத்திருந்த காகிதத்தோடு சேர்த்துத் தராசில் வைத்தால் 5.7 கிராம். ஐந்து வருஷத்துக்கான எல்லை 1 கிராம். காகிதமும் கலவைதான் என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதே ஆயிரம் வேளையைக் காகிதம் இல்லாமல் விற்றிருந்தால் எல்லைக்கு அருகில்கூட வந்திருக்காது.

இன்றைய ஃபென்டனில் (வலிநிவாரணியாகவும் பயன்படும் செயற்கைப் போதைப்பொருள்) கணக்கும் இதே கதை. எல்லை 40 கிராம், 400 கிராம். போலி மாத்திரை ஒன்று ஏறக்குறைய 0.1 கிராம் இருக்கும்; அதில் ஃபென்டனில் சில மில்லிகிராம், மிச்சமெல்லாம் நிரப்பு மாவு. ஆக 400 மாத்திரைக்கு ஐந்து வருஷம், 4,000 மாத்திரைக்குப் பத்து. மாவு கலந்து கலந்து கடைசியில் தெருவில் விற்பவன் கைக்கு வரும்போதுதான் எடை ஏறுகிறது. சுத்தமான சரக்கைக் கடத்துபவனுக்கு அதே மருந்து குறைந்த எடையில் முடிந்துவிடுகிறது. மெத் என்கிற மெத்தாம்ஃபெட்டமைனுக்குச் சட்டத்தில் இரண்டு தராசு: ஐந்து வருஷத்துக்குச் சுத்தம் 5 கிராம் அல்லது கலவை 50 கிராம். (இந்தியாவைக் குறை சொல்லாமல் விடவேண்டாம். 2020-ல் ஹீரா சிங் வழக்கில் நம் உச்ச நீதிமன்றமும் கலப்புப் பொருளைச் சேர்த்தே எடைபோட வேண்டும் என்றது.)

அடுத்தது கூட்டுச்சதி. 1988 திருத்தத்துக்குப் பிறகு, சதியில் சேர்ந்தவருக்கும் முழுக் குற்றத்துக்கான அதே குறைந்தபட்சம். கும்பலுக்குக் காவல் நின்றவர் கையில் ஒரு கிராம்கூட இல்லாவிட்டாலும், அவர் ஊகித்திருக்கக்கூடிய அளவு முழுவதும் அவர் கணக்கில் ஏறலாம். இதிலிருந்து கீழே இறங்க இரண்டு வழி. ஒன்று, மற்றவர்களைக் காட்டிக்கொடுத்து ஒத்துழைப்பது. அதற்கான மனுவை அரசுத் தரப்பு மட்டுமே போட முடியும். கும்பல் தலைவனுக்குச் சொல்ல நூறு பெயர் உண்டு. காவல் நின்றவருக்கு என்ன தெரியும்? தலைவன் குறைந்த தண்டனையோடு போக, அடியாள் முழுசாக அனுபவிப்பது இப்படித்தான். இன்னொன்று 1994-ல் வந்த விலக்கு: துப்பாக்கி, வன்முறை, தலைமைப் பொறுப்பு எதுவும் இருக்கக் கூடாது, பழைய குற்றப் பதிவு கொஞ்சம்தான் இருக்கலாம், தெரிந்ததை முழுசாகச் சொல்லிவிடவும் வேண்டும். 2018-ல் இதைத் தளர்த்தினார்கள். 2024-ல் பல்சிஃபர் வழக்கில் உச்ச நீதிமன்றம் மறுபடி இறுக்கியது.

எடையை விடவும் பெரிய ஆயுதம் பேரம். கூட்டாட்சி வழக்குகளில் தண்டனை பெற்றவர்களில் சுமார் 97 சதவீதம் பேர் விசாரணையே இல்லாமல் குற்றத்தை ஒப்புக்கொண்டவர்கள். ஏன் ஒப்புக்கொள்கிறார்கள் என்று தெரிய வேண்டுமானால் யூட்டாவின் வெல்டன் ஏஞ்சலோஸ் வழக்கு போதும். போலீஸ் அனுப்பிய ஆளிடம் மூன்று முறை கஞ்சா விற்றார், தடவைக்கு எட்டு அவுன்ஸ், 350 டாலர். அப்போது துப்பாக்கி வைத்திருந்தார் என்பது குற்றச்சாட்டு, யார்மீதும் நீட்டவில்லை. ஒப்புக்கொண்டால் 15 வருஷம் பரிந்துரைக்கிறோம் என்றார்கள். மறுத்தார். உடனே குற்றப்பத்திரிகை வளர்ந்தது. துப்பாக்கிப் பிரிவான 924(சி)-யில் முதலாவதற்கு 5 வருஷம், அடுத்த ஒவ்வொன்றுக்கும் 25, எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக. ஜூரி மூன்றை ஏற்றது: 5, 25, 25, மொத்தம் 55. நீதிபதி பால் கசெல் 2004 நவம்பரில் மற்ற எல்லாக் குற்றங்களுக்கும் சேர்த்து ஒரே ஒரு நாள் கொடுத்து, 55 வருஷம் ஒரு நாள் என்று எழுதினார். அதே நாளில் ஒரு மூதாட்டியைக் கட்டையால் அடித்துக் கொன்றவனுக்கு அவர் விதித்தது 22 வருஷம். இது அநியாயம் என்று தீர்ப்பிலேயே எழுதிவைத்தும் குறைக்க அவருக்கு வழியில்லை. ஏஞ்சலோஸ் 2016-ல் வெளியே வந்தார், 2020-ல் பொதுமன்னிப்பு கிடைத்தது. முன்பே தண்டனை பெற்று மறுபடி செய்தவருக்கு மட்டுமே அந்த 25 என்று 2018 சட்டம் மாற்றியது.

‘ஒப்புக்கொள், இல்லாவிட்டால் பிரிவைக் கூட்டுவேன்’ என்று மிரட்டுவது சட்டப்படி செல்லும். 1978-லேயே உச்ச நீதிமன்றம் அனுமதித்துவிட்டது. கென்டக்கியில் 88 டாலர் 30 சென்ட் போலிக் காசோலை வழக்கு அது. 5 வருஷப் பேரத்தை மறுத்தவருக்கு ஆயுள் தண்டனை.

தெருவில் இதெல்லாம் எங்கே ஆரம்பிக்கிறது? பல நேரம் காரின் எரியாத பின்விளக்கில். 1996 ரென் தீர்ப்புப்படி, போக்குவரத்து விதிமீறல் ஒன்று இருந்தால் போதும், நிறுத்திய போலீஸ்காரரின் உண்மை நோக்கத்தை யாரும் கேட்க முடியாது. பிறகு கையிலிருக்கும் மலிவான சோதனைப் பை. அதிலுள்ள கோபால்ட் தயோசயனேட் என்ற ரசாயனம் நீலமானால் கொக்கைன் என்கிறார்கள். சாதாரண ஒவ்வாமை மருந்தான டைஃபென்ஹைட்ரமினுக்கும் அது நீலமாகும். டெக்சாஸ் ஹாரிஸ் கவுண்டியில், ஜாமீன் கட்ட வழியில்லாமல் உடனே ஒப்புக்கொண்ட பலருடைய பொட்டலங்களைப் பின்னால் ஆய்வகம் பார்த்தபோது போதைப்பொருளே இல்லை. தண்டனைகளை ரத்து செய்தார்கள், சிறைவாசம் முடிந்த பிறகு.

ஒரு தவறான நம்பிக்கையையும் சொல்லிவிடுகிறேன். போதைப்பொருள் கைதிகளை விட்டுவிட்டால் அமெரிக்கச் சிறைகள் காலியாகிவிடாது. கூட்டாட்சிச் சிறைகளில் அவர்கள் பாதிக்குச் சற்றுக் குறைவு. ஆனால் பெருங்கூட்டம் இருப்பது மாநிலச் சிறைகளில். அங்கே ஏழில் ஒருவர்தான் அந்த வகை. மற்றவர்களின் தண்டனை நீளத்தைத் தொடாமல் எண்ணிக்கை பெரிதாக இறங்காது.

செய்தியில் வழக்கைப் படிக்கும்போது, கூட்டாட்சிப் போதைப்பொருள் சட்டப் பிரிவான 841-ன் கடைசி எழுத்தைப் பாருங்கள். (ஏ) என்றால் 10 வருஷம் முதல் ஆயுள் வரை. (பி) என்றால் 5 முதல் 40. (சி) என்றால் யாரும் இறக்கவோ பலத்த உடல்பாதிப்பு அடையவோ செய்யாதவரை குறைந்தபட்சம் இல்லை, உச்சம் 20. பேரம் நடப்பதே இந்த எழுத்துக்காகத்தான்.

அங்கே விசாவிலோ கிரீன் கார்டிலோ இருப்பவர்களுக்குக் கணக்கு வேறு. மாநிலத்தில் கஞ்சா சட்டப்படி விற்றாலும் குடியேற்றச் சட்டம் கூட்டாட்சிச் சட்டம். சொந்த உபயோகத்துக்கு 30 கிராமுக்குள் கஞ்சா, அதுவும் ஒரே ஒரு தடவை என்பதைத் தவிர, எந்தப் போதைப்பொருள் தண்டனையும் நாடுகடத்தலுக்குப் போதும். ‘ஒப்புக்கொண்டு வகுப்புக்குப் போனால் வழக்கை மூடிவிடுவோம்’ என்று மாநில நீதிமன்றம் சொல்லும் ஏற்பாடும், குடியேற்றத் துறையின் கண்ணில் பெரும்பாலும் தண்டனைதான். குடியேற்ற விளைவைக் கட்சிக்காரரிடம் சொல்லவேண்டியது வக்கீலின் கடமை என்று 2010 படில்லா தீர்ப்பு சொல்கிறது. கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் அதை வாய்விட்டுக் கேளுங்கள்.