விலங்குச் சோதனையில் பாதுகாப்பானது என்று தெரிந்த மருந்தை மனிதருக்கு முதன்முதலில் எவ்வளவு கொடுப்பார்கள்?

எலிக்குக் கொடுத்த அளவை எடைக்கு எடை பெருக்கிக் கொடுப்பதில்லை. வழக்கமாக ஒரு கொறிக்கும் விலங்கிலும், நாய் அல்லது குரங்கு போன்ற இன்னொன்றிலும் பாதகம் ஏதும் தெரியாத உச்ச அளவைக் கண்டுபிடிப்பார்கள். எலியின் அளவை 6.2 ஆலும், நாயினதை 1.8 ஆலும், குரங்கினதை 3.1 ஆலும் வகுத்தால் மனித அளவு வரும். உடல் பரப்பளவை ஒட்டிய கணக்கு இது. பிறகு பாதுகாப்புக்காக 10 ஆல் வகுப்பார்கள். எலியில் கிலோவுக்கு 50 மி.கி. என்றால் மனிதருக்கு 8, அதில் பத்தில் ஒன்று 0.8. 60 கிலோ ஆளுக்கு 48 மி.கி.

சாதாரண மாத்திரை மருந்துகளுக்கு இது பெரும்பாலும் சரிவரும். நோய் எதிர்ப்பு மண்டலத்தைத் தூண்டும் மருந்துகளில்தான் கணக்கு கவிழும். 2006 மார்ச்சில் லண்டனில் டிஜிஎன்1412 என்ற எதிர்ப்புரத மருந்தைக் கிலோவுக்கு 0.1 மி.கி. ஏற்றினார்கள், குரங்குகள் தாங்கியதில் 500-இல் ஒரு பங்கு. அதைப் பெற்ற 6 பேரும் தீவிர சிகிச்சைக்குப் போனார்கள், உயிர் பிழைத்தார்கள். மருந்து பற்றிக்கொள்ளும் சிடி28 புரதம் மனிதரின் சில நினைவு டி-செல்களில் (முன்பு கண்ட கிருமியை நினைவில் வைத்திருக்கும் வெள்ளை அணுக்கள்) உண்டு, அந்தக் குரங்கின் அதே செல்களில் இல்லை. குரங்கு எவ்வளவு தாங்கியும் பயனில்லை.

ஒருவருக்கும் அடுத்தவருக்கும் சுமார் 10 நிமிடமே இடைவெளி விட்டதுதான் மன்னிக்க முடியாதது. இப்போது இத்தகைய மருந்துகளுக்கு, மனிதச் செல்களில் விளைவு லேசாகத் தொடங்கும் அளவிலிருந்தே கணக்குப் போடுகிறார்கள். முதலில் ஒருவருக்குக் கொடுத்துப் பொறுத்துப் பார்த்த பிறகே மற்றவர்களுக்கு.