இயேசுவின் சீடர்கள் எல்லாரும் கொல்லப்பட்டார்கள் என்பதற்கு ஆதாரம் உண்டா?

சீடர்கள் ஒவ்வொருவரும் எப்படிக் கொல்லப்பட்டார்கள் என்ற அந்தப் பட்டியல், உங்களுக்கும் குடும்ப வாட்ஸாப் குழுவில்தான் வந்திருக்கும். தவக்காலம் ஆரம்பித்தால் போதும், எங்கள் சித்தப்பா அனுப்பிவிடுவார். இராயப்பர் (பேதுரு) தலைகீழ்ச் சிலுவையில், பர்த்தொலொமேயு தோலுரிக்கப்பட்டு... கீழே வரிசையாகக் கைகூப்பு.

பன்னிரண்டு சீடர்களில் கொல்லப்பட்டதாக பைபிள் நேராகச் சொல்வது ஒருவரைத்தான். செபதேயுவின் மகன் யாகப்பர், எரோது அகிரிப்பா மன்னனின் வாளுக்கு (திருத்தூதர் பணிகள் 12:2). இராயப்பர் சாவுக்கு யோவான் 21-இல் ஒரு குறிப்பு உண்டு. தலைகீழ் விவரம் பைபிளில் சேராத 'பேதுருவின் பணிகள்' நூலில் வருவது. அது 2ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எழுந்தது. யோவான் வயதாகித்தான் இறந்தார் என்பது மரபு.

'நாத்திகன்' என்று கமெண்ட் போட வருபவர்களுக்கு: நான் ஞாயிறு பூசை தவறாதவன். ஜூலை 3, அந்தப் பன்னிருவரில் ஒருவரான தோமையார் திருநாளுக்குப் பரங்கிமலை ஏறுகிறவன்.

அந்தத் தோமையாரால்தான் எனக்குப் பதின்மூன்று வயதில் மானம் போனது. மறைக்கல்வி வினாடி வினா, கடைசிக் கேள்வி: தோமையார் எப்படி இறந்தார்? எழுந்து "அம்பு பட்டு" என்றேன். அந்த வாரம்தான் நூலகத்தில் மார்க்கோ போலோவின் பயணக் கதை படித்திருந்தேன். தோமையார் மயில்களுக்கு நடுவே செபம் செய்துகொண்டிருக்க, மயிலுக்கு ஒருவன் விட்ட அம்பு அவர் மேல் பாய்ந்ததாம். அவரை அடக்கம் செய்ததாகச் சொல்லும் மயிலாப்பூர் என்ற பேருக்கே பொருந்துகிறதே என்று எனக்குப் புல்லரித்துப் போயிருந்தது.

விடைத்தாளில் 'ஈட்டி'. அதுவும் சும்மா வந்ததில்லை. 3ஆம் நூற்றாண்டின் 'தோமாவின் பணிகள்', மஸ்தாய் என்ற அரசன் உத்தரவில் நான்கு வீரர்கள் மலைமேல் ஈட்டியால் குத்தினார்கள் என்கிறது. அந்த மலை பரங்கிமலை, வருஷம் கி.பி. 72 என்பது நம்மூர் மரபு. ஒரே ஆளுக்கு இரண்டு சாவு என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "யார் வீட்டுப் பையன் இது?" என்றார் நடுவர். மூன்றாம் வரிசையில் அப்பா தலையைக் குனிந்துகொண்டார்.

பரிசு, இரண்டடுக்கு எவர்சில்வர் டிபன் கேரியர். போனது கேள்வித்தாள் தயாரித்தவரின் மகளுக்கு. பத்தாம் வகுப்பு வரை அதில்தான் என் கண்ணெதிரே தயிர்சாதம் சாப்பிட்டாள்.

போன வருஷம் இதையெல்லாம் குழுவில் எழுதினேன். "நீ எப்போடா சபை மாறினே?" என்று கேட்டுவிட்டு சித்தப்பா என்னைத் தூக்கிவிட்டார். அவருடைய புதுமனை புகுவிழா அழைப்பும் அதே குழுவில்தான் போயிருக்கிறது. எனக்கு போட்டோதான் வந்தது.