கிரெட்ஸ்கியின் 215-ஐயும் மெக்டேவிட்டின் 153-ஐயும் எப்படி ஒப்பிடுவது?

கேள்வி: வெய்ன் கிரெட்ஸ்கி 1985-86 சீசனில் 215 புள்ளிகள் (அடித்த கோல்களும், சக வீரர் கோல் அடிக்க உதவிய ‘அசிஸ்ட்’டுகளும் சேர்த்து) எடுத்தார். கானர் மெக்டேவிட்டின் மிகச் சிறந்த சீசனில்கூட (2022-23) 153தான். ஆனால் அந்தக் காலத்தில் கோல் அடிப்பது சுலபம், அதனால் மெக்டேவிட்தான் பெரியவர் என்கிறான் என் மகன். வேறு வேறு காலத்து ஐஸ் ஹாக்கி வீரர்களின் உச்சத்தை நானே கணக்குப் போட்டு ஒப்பிட வழி உண்டா?

பதில்: உண்டு. கால்குலேட்டர் இருந்தால் போதும்.

முதலில் மகன் சொல்வதில் உள்ள நியாயம். கிரெட்ஸ்கி 215 எடுத்த சீசனில் என்.எச்.எல். (வட அமெரிக்க ஐஸ் ஹாக்கி லீக்) அணிகள் ஓர் ஆட்டத்துக்குச் சராசரியாக 4 கோல் அடித்தன. மெக்டேவிட்டின் சீசனில் அது 3.2 அளவில்தான். எண்பதுகளில் கோல்கீப்பர்கள் நூறு ஷாட்டுகளில் 87, 88-ஐத்தான் தடுத்தார்கள். பின்னாளில் இது 91 வரை போனது. காப்புக் கவசங்கள் பெரிதாகின, முழங்காலை மடக்கிப் பனியில் இறங்கித் தடுக்கும் பாணியும் பரவியது. ஆகவே மொத்தப் புள்ளிகளை அப்படியே அருகருகே வைக்கக் கூடாது.

கணக்கு இப்படி. புள்ளிகளை ஆடிய ஆட்டங்களால் வகுங்கள். வருவதை 3-ஆல் பெருக்கி, அந்த சீசனில் ஓர் அணியின் சராசரி கோலால் வகுங்கள். அதாவது, எல்லோரையும் ‘ஆட்டத்துக்கு 3 கோல்’ விழும் ஒரே லீக்கில் ஆட வைக்கிறோம்.

கிரெட்ஸ்கி 80 ஆட்டங்களில் 215. ஆட்டத்துக்கு 2.69, திருத்திய பிறகு சுமார் 2.0. மெக்டேவிட் 82-இல் 153. அவருக்கு 1.87 என்பது 1.75 ஆகிறது. இடைவெளி சுருங்குகிறது, ஆனால் மறையவில்லை. எனக்குப் பிடித்தது யாரோமிர் யாகரின் 1998-99. 127 புள்ளிகள் என்றால் யாரும் நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை. ஆனால் அது கோல் வறட்சிக் காலம், சராசரி 2.6-தான். திருத்தினால் யாகர் 1.8-க்கு வருகிறார், மெக்டேவிட்டுக்குச் சமமாக!

இந்தக் கணக்கில் முதலிடம் கிரெட்ஸ்கிக்கு இல்லை, மரியோ லெமியூவுக்கு. 1992-93-இல் ஹாட்ஜ்கின் புற்றுநோய்ச் சிகிச்சைக்காக நடுவில் விலகியிருந்தும் 60 ஆட்டங்களில் 160 புள்ளிகள் எடுத்தார். திருத்திய அளவு 2.2. 84 ஆட்டங்களில் 148 எடுத்த பாட் லாஃபோன்டெய்னைத் தாண்டி, அந்த ஆண்டின் அதிகப் புள்ளிகளுக்கான விருதையும் வாங்கினார்.

இந்தக் கணக்குக்கு ஒரு குறை உண்டு. லீக் முழுதும் கோல் குறைந்தால் நட்சத்திர வீரருக்கும் அதே விகிதத்தில் குறையும் என்று அது எடுத்துக்கொள்கிறது. நிஜத்தில் அப்படி இல்லை. நட்சத்திரங்கள் அதிக நேரம் பனியில் நிற்பார்கள், பவர் பிளேயிலும் (எதிரணி வீரர் தண்டனையில் வெளியே இருக்கும் நேரம்) அவர்கள்தான் ஆடுவார்கள். அதனால் இரண்டாம் இடத்தவரை எவ்வளவு விஞ்சினார் என்பதையும் நான் பார்ப்பேன். 1985-86-இல் இரண்டாம் இடம் லெமியூவுக்கு, 141 புள்ளிகள். கிரெட்ஸ்கியின் அசிஸ்ட்டுகள் மட்டுமே 163! கோல் அடிப்பது சுலபம் என்றால் மற்றவர்களுக்கும் சுலபமாகத்தானே இருந்திருக்க வேண்டும்? அன்றைய லீக்கில் 21 அணிகள்தான், சோவியத் வீரர்கள் இன்னும் வரவில்லை என்று மகன் வாதிட்டால் ஒப்புக்கொள்ளுங்கள், அது சரிதான்.

அப்புறம், உச்சம் என்பதை ஒரே சீசனோடு நிறுத்தாமல் அடுத்தடுத்த மூன்று சீசன்களைக் கூட்டிப் பாருங்கள். 1983-86-இல் கிரெட்ஸ்கி 234 ஆட்டங்களில் 628 புள்ளிகள், திருத்தினாலும் 2.0-க்குக் குறையவில்லை. 1987-90-இல் லெமியூ 212 ஆட்டங்களில் 490, சுமார் 1.9. மெக்டேவிட் 2020-23-இல் 218 ஆட்டங்களில் 381, சுமார் 1.7. ஒரு சீசன் உயரத்துக்கு லெமியூ, நீடித்த உச்சத்துக்கு கிரெட்ஸ்கி. என் முடிவு இதுதான்.

பாதி சீசனை மட்டும் வைத்துக் கணக்குப் போடாதீர்கள். சிட்னி கிராஸ்பி 2010-11-இல் 41 ஆட்டங்களில் 66 புள்ளிகள் எடுத்த நிலையில், தலையில் அடிபட்டு அந்த சீசனை இழந்தார். மீதி ஆட்டங்களிலும் அந்த வேகம் நீடித்திருக்கும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. பிளே-ஆஃப் (சீசன் முடிந்தபின் கோப்பைக்காக நடக்கும் சுற்று) ஆட்டங்களையும் இதில் கலக்காமல் தனிப் பத்தியில் வையுங்கள். 1985-இல் கிரெட்ஸ்கி 18 பிளே-ஆஃப் ஆட்டங்களில் 47 புள்ளிகள் எடுத்தார். அங்கே ஒரே எதிரணியோடு திரும்பத் திரும்ப ஆடுவதால் லீக் சராசரியால் வகுப்பதில் பொருள் இல்லை.