ஐ.டி.ஐ. ஃபிட்டர் முடித்த தம்பியை எஃகு ஆலை வேலைக்கு அனுப்பலாமா?

தம்பி நெல்லை பேட்டை அரசு ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் முடித்துவிட்டான், ஊர்க்கார அண்ணாச்சி ஒருவர் வடக்கே எஃகு ஆலைக்குக் காண்ட்ராக்டில் ஆள் எடுக்கிறார், அம்மா பயப்படுகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள்.

தாராளமாக அனுப்புங்கள். ஆனால் முதல் வருடம் காண்ட்ராக்ட் வேண்டாம், ஆலையிலேயே வேலை பழகும் அப்ரண்டிஸாகப் போகட்டும். ஆலைப் பராமரிப்பில் இருந்தவன் என்பதால் அடித்தே சொல்கிறேன்.

நெல்லைப் பக்கம் இரும்பை உருக்கும் பெரிய ஆலை கிடையாது. பக்கம் என்றால் சேலம்தான். அரம் போடுவது, டிரில்லிங் எல்லாம் தம்பிக்குக் கைவந்திருக்கும். 1,600 டிகிரியில் எஃகு உருகி ஓடும் இடத்தில் நின்றிருக்க மாட்டான். அங்கே தண்ணீர்கூட எமன். ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியானால் ஏறத்தாழ 1,700 லிட்டராக விரியும். உருக்கப் போடும் பழைய இரும்பு, அதாவது ஸ்கிராப், ஈரமாக உருகிய எஃகுக்குள் போய் மாட்டினால் உலையே வெடித்துச் சிதறலாம்.

அதைவிட மோசம் கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயு. இரும்புத் தாதுவை உருக்கும் ஊதுலையிலிருந்து வரும் வாயுவில் ஏறத்தாழ கால் பங்கு அதுதான். நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. 2021 ஜனவரியில் ஒடிசாவின் ரூர்கேலா எஃகு ஆலையில் வாயு கசிந்து நான்கு பேர் இறந்தார்கள். நான்கு பேருமே காண்ட்ராக்ட் தொழிலாளர்கள்.

ஒருவன் மயங்கி விழுந்தால் நம் பையன்கள் உடனே ஓடிப்போய்த் தூக்குவார்கள். பாசக்காரப் பயல்கள். அப்படித்தான் இரண்டாவது ஆளும் விழுகிறான். மூச்சுக் கருவி மாட்டாமல் உள்ளே போகாதே என்றால் யாருக்கும் புரியும். அந்த நிமிஷத்தில் கால் நிற்கப் பழக்கம் வேண்டும். வேலை தொடங்கலாம் என்று எழுதிக் கொடுக்கும் பெர்மிட் வராமல் ஸ்பானரை எடுக்காததும், மெஷினில் கை வைக்கும் முன் கரண்டை நிறுத்தித் தன் பூட்டைத் தானே போட்டுச் சாவியைத் தன் பையிலேயே வைத்திருப்பதும் அப்படித்தான். சூப்பர்வைசர் அவசரப்படுத்தினாலும் சாவியைக் கொடுக்கக் கூடாது. பழைய ஆட்களோடு ஒரு வருடம் நின்றால்தான் இதெல்லாம் ஊறும்.

எல்லாக் காண்ட்ராக்டரும் மோசம் இல்லை. ஆனால் ஆலையை நிறுத்திவைத்துச் செய்யும் ஷட்டவுன் வேலைக்கு அவசரமாக ஆள் பிடிக்கும்போது பழக்கிவிட யாருக்கு நேரம்? பாதுகாப்பு வகுப்பு இந்தியில் நடக்கும், நம் பையன் 'அச்சா' என்று தலையாட்டிவிட்டுக் கையெழுத்துப் போடுவான். நிறையப் பார்த்துவிட்டேன். அரசியல் எல்லாம் அப்புறம். போகும் முன் கொஞ்சம் இந்தி பேசக் கற்றுக்கொள்ளட்டும். கூடவே ஹைட்ராலிக்ஸ், சென்சார் பக்கமும் எட்டிப் பார்க்கட்டும், இன்றைய ஃபிட்டருக்கு அது இல்லாமல் முடியாது.

மத்திய அரசின் அப்ரண்டிஸ்ஷிப் தளத்தில் இப்போதே பதிவு செய்துவிடுங்கள். அதற்குள் அண்ணாச்சி வற்புறுத்தினால், பி.எஃப்., இ.எஸ்.ஐ. யார் கட்டுவார்கள், உள்ளே விடும் முன் எத்தனை நாள் பயிற்சி, வாயு கசிந்தால் எச்சரிக்கும் கேஸ் மானிட்டர் ஆளுக்கு ஒன்று கொடுப்பார்களா என்று கேளுங்கள். மழுப்பினால் வண்டி ஏற்ற வேண்டாம்.