ஒரே வாரத்தில் மூன்று கிலோ

கேள்வி: அப்பாவுக்கு 58 வயது. சர்க்கரை நோயால் எட்டு மாதங்களுக்கு முன் முழங்காலுக்குக் கீழே காலை எடுத்துவிட்டார்கள். அதற்கு முன் எடை 82 கிலோ, வீடு திரும்பியபோது 76, இப்போது 84. இதில் 3 கிலோ போன வாரம் மட்டும் ஏறியது. எடை கூடினால் இன்னொரு காலும் போய்விடும் என்று ஒரு வீடியோவில் சொன்னார்கள். இன்சுலின்தான் எடை ஏற்றுகிறது என்று அப்பா அளவைப் பாதியாக்கிவிட்டார். எடுத்த காலில் வலிப்பதாகக் கடையில் வலி மாத்திரை வாங்கிப் போடுகிறார். ஸ்டம்ப் (எடுத்தது போக மிஞ்சிய கால்) மெலிந்துகொண்டே போகிறது. இப்போது இரண்டு தலையணை வைத்தால்தான் தூக்கம் வருகிறது.

பதில்: அப்பாவை இன்றே மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். வீடியோவுக்கு அப்புறம் வருகிறேன்.

நீங்கள் போகிற போக்கில் எழுதிய அந்தத் தலையணைதான் எனக்குக் கவலை. ஒரே வாரத்தில் 3 கிலோ கொழுப்பு சேராது, பெரும்பாலும் நீர். மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டுவதால்தான் தலையணை உயர்ந்திருக்கும். இதயம் தளர்ந்தாலும் சிறுநீரகம் பழுதானாலும் இப்படி நீர் தேங்கும். காலையே எடுக்கும் அளவுக்கு ரத்தக்குழாய்களைக் கெடுத்த சர்க்கரை, இந்த இரண்டையும் விட்டுவைத்திருக்கும் என்று நான் நம்ப மாட்டேன். இருக்கிற காலின் முன்னெலும்பு மேல் கட்டைவிரலால் சில விநாடி அழுத்திப் பாருங்கள். குழி விழுந்து அப்படியே நின்றால் அது நீர்தான். விழாவிட்டாலும் போகத்தான் வேண்டும். உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினால், அல்லது நெஞ்சு வலித்தால், நேரே அவசர சிகிச்சைப் பிரிவுக்கு.

அந்த வலி மாத்திரை அட்டையையும் கையோடு எடுத்துப் போங்கள். டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் வகையாக இருந்தால், உடம்பில் உப்பையும் நீரையும் தேக்குவது அதுவாகவே இருக்கலாம். சிறுநீரகத்துக்கும் கேடு. இத்தனைக்கும், இல்லாத காலில் வரும் வலிக்கு அது பெரிதாகக் கேட்பதும் இல்லை. அது நரம்பு வலி, அதற்கு மருந்தே வேறு. சர்க்கரை மாத்திரைகளில் பையோகிளிட்டசோன் இருந்தால் அதையும் காட்டுங்கள். அதுவும் நீர் சேர்க்கும். வீக்கம் வடியட்டும் என்று நீர் மாத்திரையை நீங்களே வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள், தயவுசெய்து.

மற்ற கிலோக்கள் பயப்படும்படி இல்லை. முழங்காலுக்குக் கீழே பாதம் வரை உடல் எடையில் ஏறத்தாழ 6 சதவீதம். 82 கிலோவில் சுமார் 5. அதாவது பழைய அப்பா, அந்தக் கால் இல்லாமல் 77. போன வாரத்துக்கு முன்பு 81 என்றால் உண்மையில் கூடியது 4 கிலோதான். நடை குறைந்து, பசி திரும்பும்போது பலருக்கும் இவ்வளவு ஏறும். நடைப்பயிற்சி கூடக்கூட மெல்லக் குறைக்கலாம், பட்டினி போடாதீர்கள். ஸ்டம்ப் மெலிவது வீக்கம் வடிந்து தசை சுருங்குவதால். சாக்கெட் (செயற்கைக்காலில் ஸ்டம்ப் நுழையும் குழி) தளர்ந்தாலோ, கழற்றிய பிறகும் தோல் சிவப்பு மறையாமல் நின்றாலோ செயற்கைக்கால் செய்தவரிடம் காட்டினால் போதும்.

இன்சுலினைப் பாதியாக்கச் சொன்னது யார்? சுகர் ஏறிச் சிறுநீரில் கொட்டினால் எடை குறையத்தான் செய்யும். அதை நன்மை என்று சொல்ல முடியுமா? சீழ்பிடித்த காலை எடுத்த பிறகு சிலருக்கு இன்சுலின் தேவை குறைவது உண்மை. ஆனால் அதைச் சுகர் அளவைப் பார்த்துத் தீர்மானிக்க வேண்டும், அதுவும் மருத்துவர்.

சரி, அந்த இன்னொரு கால். எடை கூடினால் அந்தப் பாதத்துக்குச் சுமை கூடும், அவ்வளவுதான். காலுக்கு ஆபத்து, உணர்ச்சி மரத்த பாதத்தில் யார் கண்ணிலும் படாமல் பழுக்கும் கொப்புளத்தால் வருகிறது. வீங்கிய காலில் செருப்பு இறுகினால் அது சுலபமாக வரும். உள்ளங்காலையும் விரலிடுக்கையும் தினமும் இரவில் நீங்களே பாருங்கள்.

எடையைக் காலையில், சிறுநீர் கழித்ததும், செயற்கைக்காலோடு எடுங்கள்; அதன் எடையைத் தனியாக அளந்து கழித்துக்கொள்ளலாம். ஒற்றைக்காலில் எடை எந்திரத்தின் மேல் ஏற்றாதீர்கள், விழுந்துவிடுவார். இனி இரண்டு மூன்று நாளில் 2 கிலோ ஏறினால் அன்றே மருத்துவரைக் கூப்பிடுங்கள்.