வீட்டை அடமானம் வைக்கும் முன், மகள் படிக்கும் ஜப்பானிய மொழியைக் கொஞ்சம் கவனியுங்கள்

கணினிப் பொறியியல் கடைசி ஆண்டில் இருக்கும் மகளைப் பற்றி ஒரு தாய் எழுதியிருக்கிறார். "அமெரிக்காவில் எம்.எஸ். படிக்க வை, வேலையும் விசாவும் தானாக வரும்" என்று சொந்தக்காரர்கள் நெருக்குகிறார்களாம். வீட்டை அடமானம் வைக்கலாமா என்று கேட்கிறார். போகிற போக்கில் இன்னொன்றும் சொல்கிறார்: மகள் ஜப்பானிய மொழி படிக்கிறாளாம், "சும்மா பொழுதுபோக்குக்கு".

அம்மா, பதறாதீர்கள். ஆனால் வீட்டின் மேல் கை வைக்க வேண்டாம். அங்கே வேலை பார்க்க வேண்டிய எச்-1பி விசா ஆண்டுக்கு 65,000. அங்கேயே முதுகலை முடித்தவர்களுக்கு இன்னும் 20,000. கேட்பவர்கள் அதிகம் என்பதால் குலுக்கல். பெயர் விழாவிட்டாலும் வங்கி தவணையை விடாது. கனடா, பிரிட்டன் பற்றி உறவினர்களே விடிய விடியப் பேசுவார்கள், நான் விட்டுவிடுகிறேன்.

ஜப்பானில் பொறியாளர் விசாவுக்குக் குலுக்கலும் இல்லை, ஆண்டு உச்சவரம்பும் இல்லை. வேலைக்குப் பொருந்தும் பட்டம் வேண்டும். அதே வேலை செய்யும் ஜப்பானியருக்குக் குறையாத சம்பளம் தர வேண்டும். வேலை கொடுக்கும் நிறுவனம் அங்குள்ள குடிவரவு அலுவலகத்தில் விண்ணப்பித்துத் தகுதிச் சான்றிதழ் வாங்கி அனுப்பும். அதைத் தூதரகத்தில் கொடுத்து விசா வாங்கி, சான்றிதழ் தேதியிலிருந்து 3 மாதத்துக்குள் போய்ச் சேர வேண்டும். அப்புறம் வேறு நிறுவனத்துக்கு மாறினாலும், வேலை அதே வகையாக இருந்தால் 14 நாளுக்குள் குடிவரவு அலுவலகத்துக்குத் தெரிவித்தால் போதும்.

உயர்திறனாளர்களுக்கான மதிப்பெண் முறையும் உண்டு. பட்டம், வயது, சம்பளம், மொழி எல்லாவற்றுக்கும் புள்ளிகள்: 30 வயதுக்குள் என்றால் 15, ஜப்பானிய மொழித்தேர்வில் என்2 நிலைக்கு 10, அதற்கும் மேலான என்1 நிலைக்கு 15. புள்ளிகள் 70 இருந்தால் 3 ஆண்டிலும், 80 இருந்தால் ஓராண்டிலும் அங்கேயே நிரந்தரமாகத் தங்கும் உரிமைக்கு விண்ணப்பிக்கலாம். நீங்கள் பொழுதுபோக்கு என்றது இதைத்தான்! கார், கேமரா, ரோபோவுக்குள் ஓடும் மென்பொருள் எழுதும் பல குழுக்களில் ஆவணமும் கூட்டமும் ஜப்பானிய மொழியில்தான் நடக்கும். மொழி தெரிந்த பொறியாளருக்கு அங்கே தனி மதிப்பு.

சம்பளம் அமெரிக்கா அளவுக்கு வராது. சில நிறுவனங்களில் இரவு வரை உட்கார வைப்பார்கள். தெரிந்தே போகட்டும்.

ஒன்றில் மட்டும் நான் கறார். "ஸ்பான்சர்ஷிப் வாங்கித் தருகிறேன்" என்று பணம் கேட்கும் ஏஜெண்டுக்கு ஒரு பைசா கொடுக்காதீர்கள். ஸ்பான்சர் என்பது வேலை கொடுக்கும் நிறுவனம். அதைக் காசுக்கு வாங்க முடியாது. நிறுவனத்தின் பெயர், வேலை, சம்பளம் மூன்றும் ஒப்பந்தத்தில் இல்லாமல் எதிலும் கையெழுத்து வேண்டாம்.

மகள் எந்த நிலையில் இருக்கிறாள் என்று இன்றே கேளுங்கள். என்2-க்கு ஒரு படி கீழான என்3 தாண்டியிருந்தால் ஜூலையோ டிசம்பரோ, அடுத்து வரும் என்2 தேர்வுக்குப் பதிவு செய்யட்டும். சுயவிவரத்தையும் ஜப்பானிய மொழியில் ஒன்று எழுதி வைக்கட்டும். சொந்தக்காரர்கள் கேட்டால் என்னிடம் பேசச் சொல்லுங்கள்.